இரண்டாம் சோடி

மொபிலிட்டி ஸ்கூட்டர் திருத்தும் கடைக்கு வருகிறவர்கள் எதில் கதையைத் தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "இன்னும் ரெண்டு பற்றரி போட்டால் கூடத் தூரம் போகும்தானே?" வடமேற்கு லண்டனில் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து கேட்கிறேன். வெள்ளைக்காரக் கிழவர், குஜராத்திப் பாட்டி, கரீபியன் தீவிலிருந்து வந்து பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கட ஊர் அம்மாமார், எல்லாருக்கும் இதே கேள்வி. போகும் என்பதுதான் பதில். அதைச் சொல்லமுன் நான் ஒன்று கேட்பேன்: எங்கே போகவேண்டும்?

சிலருக்கு இது பிடிக்காது. நான் எங்கே போனால் உனக்கென்ன, காசு தாறேன், பற்றரியைப் போடு என்பதுபோலப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. எந்தத் தெரு, எந்த மேடு, அங்கே எவ்வளவு நேரம் நிற்பது, திரும்பும்போது இருட்டிவிடுமா, கூடையில் சாமான் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே போவேன். கூடுதல் பற்றரி வேலையில் முக்கால்வாசி இந்தக் கதையிலேயே முடிந்துவிடும். மிச்சம் வயரும் பியூசும்.

இந்த வண்டியைக் காணாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். நடக்க ஏலாதவர்களும் நாலு அடி வைத்தால் மூச்சு வாங்குகிறவர்களும் இருந்தபடி ஓட்டும் மின்வண்டி இது. மூன்று சக்கரத்திலும் உண்டு, நான்கிலும் உண்டு. பிரித்தானியச் சட்டம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. நடைபாதையில் மட்டும் மணிக்கு 4 மைல் வேகத்தில் போகிற சின்ன வண்டி இரண்டாம் வகுப்பு. தெருவில் இறங்கி 8 மைல் வேகம்வரை போகக்கூடிய பெரியது மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பைப் பதிய வேண்டும், வரி கிடையாது. ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இரண்டுக்குமே தேவையில்லை. லண்டன் பஸ்ஸில் ஏற்றுவதானால் ஸ்கூட்டர் 60 சென்ரிமீற்றர் அகலத்துக்கும் ஒரு மீற்றர் நீளத்துக்கும் உள்ளே இருக்கவேண்டும். பெரிய வண்டிக்காரருக்கு அந்த வழி அடைபட்டது. அவர்களுக்குத் தூரம் என்றால் பற்றரி தரும் தூரம் மட்டும்தான்.

விற்பனைத் தாளில் 25 மைல், 30 மைல் என்று அச்சடித்திருப்பார்கள். அது பொய்யென்று சொல்லமாட்டேன். மட்டமான தரை, இதமான வெயில், புத்தம்புதுப் பற்றரி, எடை குறைந்த ஓட்டி, நிறுத்தாத ஓட்டம், இவ்வளவும் ஒன்றுகூடினால் அந்தக் கணக்கு வரும். லண்டனில் இவை ஒன்றுகூடி நான் பார்த்ததில்லை.

உள்ளே நடப்பது இதுதான். சீற்றுக்குக் கீழே 12 வோல்ட் பற்றரி இரண்டு தொடராக நின்று 24 வோல்ட் தருகின்றன. நடுத்தர வண்டியில் ஒவ்வொன்றும் 50 அம்பியர்-மணி என்று வைப்போம். பெருக்கினால் 1200 வாட்-மணி. ஆனால் மேலே எழுதியிருக்கும் 50 என்பது 20 மணித்தியாலத்தில் மெல்லமெல்ல எடுத்தால் கிடைப்பது. அதாவது இரண்டரை அம்பியர் ஓட்டத்தில். ஸ்கூட்டர் மட்டத் தெருவில் 10, 15 அம்பியர் இழுக்கும். மேட்டில் 40-ஐத் தாண்டும். ஈயப் பற்றரியை அவசரப்படுத்தினால் அது தன்னிடம் உள்ளதை முழுதாகத் தராது. 50 என்று எழுதியது 35, 40 ஆகிவிடும். அதையும் அடிமட்டம்வரை உறிஞ்சினால் பற்றரியின் ஆயுள் போய்விடும். ஆள் எடையோடு இந்த வண்டி ஒரு கிலோமீற்றருக்கு 25 முதல் 30 வாட்-மணி தின்னும் என்று வைத்தால், நம்பிப் போய்வரக்கூடிய தூரம் 20, 25 கிலோமீற்றரில் நிற்கும். குளிர் வந்தால் இன்னும் இறங்கும். வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் நாளில் ஈயப் பற்றரி ஐந்தில் ஒரு பங்கைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். தைமாதத்தில் கடைத் தொலைபேசி ஓயாமல் அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுத்தந்தவர் ஒரு வயதான ஆங்கிலேயர். இளவயதில் பால் வண்டிக் கூடத்தில் வேலை செய்தவர். இந்த நாட்டில் விடியமுன் வீட்டுவாசலில் பால் போத்தல் வைத்துப்போன வண்டிகள் மின்சாரத்தில் ஓடியவை. இன்று மின்கார் பற்றி உலகம் கதைப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னமே இங்கே ஈயப் பற்றரியில் ஊர் முழுக்கப் பால் போயிருக்கிறது. அவர் வண்டியின் தூரத்தைப் பற்றிக் கதைத்தே நான் கேட்டதில்லை. சுற்று என்பார். இந்தச் சுற்றில் எத்தனை வீடு, எத்தனை தரம் நிறுத்தி எடுப்பது, மேடு போகும்போதா வரும்போதா, பால் நிறைந்திருக்கும்போதா வெறும் போத்தலோடா? அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் எந்த வண்டியை எந்தச் சுற்றில் விடுவது என்று முடிவாகும். கூடத்துக்குத் திரும்பிய வண்டியில் பிளக் குத்தாமல் யாரும் தேத்தண்ணிக்குப் போகக்கூடாது. குறைந்த சார்ஜில் ஒரு இராத்திரி கிடந்த ஈயத்தகடு அடுத்தநாள் அதே தகடாக இருக்காது. வெள்ளையாகச் சல்பேற் படியத் தொடங்கிவிடும். இந்த இரண்டு பழக்கத்தையும் அவர் ஸ்கூட்டர் வேலைக்கும் அப்படியே கொண்டுவந்தார். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆகவே கூடுதல் பற்றரி கேட்டு வருகிற வண்டியை முதலில் மேசையடியில் விட்டு நாடி பார்ப்பேன். ரயரில் காற்று எவ்வளவு? கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிற வேலை வேண்டாம், அளவுகோலை வைத்துப் பார்க்கவேண்டும். காற்றுக் குறைந்த ரயரோடு ஓடுகிற வண்டி தரையைப் பிசைந்துகொண்டு போகும். அடுத்தது பிரேக். மோட்டருக்குப் பின்னால் மின்காந்தப் பிரேக் ஒன்று இருக்கிறது. மின்சாரம் இருந்தால் விடும், இல்லாவிட்டால் பிடிக்கும். அது முழுதாக விடாமல் உரசிக்கொண்டிருந்தால் பற்றரி பாதித் தூரத்தில் படுத்துவிடும். மோட்டர் மூடியைத் தொட்டுப் பார்த்தாலே சூட்டில் தெரிந்துவிடும். பிறகு மோட்டரின் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

கடைசியில் பற்றரி. இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக அளக்கவேண்டும். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி 12.7, 12.8 வோல்ட் காட்டும். ஒன்று 12.8, மற்றது 12.3 என்றால் கதை முடிந்தது. தொடரில் நிற்கிற சோடியில் தளர்ந்ததுதான் தூரத்தைத் தீர்மானிக்கும். நல்லது அதற்காக உழைத்துத் தானும் கெடும். இதைவிட நம்பகமான சோதனை மேட்டில் ஏற்றிப் பார்ப்பது. கடைக்குப் பின்னால் கராஜுகளுக்குப் போகும் ஒரு சரிவு இருக்கிறது. வண்டியில் நான் ஏறியிருந்து, மீற்றரின் இரண்டு முனையையும் பற்றரியில் கவ்வவைத்து, மெல்ல ஏறுவேன். சோடி 25-இலிருந்து 23-க்கு இறங்கினால் பரவாயில்லை. 21-க்குக் கீழே பாய்ந்து, மேலே போய் நின்றதும் ஒன்றும் நடக்காததுபோல 25-க்கு வந்தால், உள்ளே ஒன்றும் இல்லை என்று விளங்கிக்கொள்ளலாம். இப்படிப் பார்த்தபின் கூடுதல் பற்றரி கேட்டு வந்தவர்களில் கணிசமானோர் ஒரு புதுச் சோடியோடும் ரயரில் காற்றோடும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கடை முதலாளிக்கு இதில் பெரிய சந்தோசம் கிடையாது.

பற்றரியை அளந்து பார்க்கிற இந்தப் பைத்தியம் எனக்கு ஊரிலேயே பிடித்தது. தொண்ணூறுகளின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் ரோர்ச் பற்றரியும் தடைப்பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட சனம் நாங்கள். செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் அரைமணி நேரம் உயிர் கொடுப்போம். ஒரு பழைய கார் பற்றரி வைத்திருந்த வீட்டுக்குத் தெருவில் தனி மரியாதை. அந்த வயதில் நுனிநாக்கை முனையில் வைத்து உசார் பார்த்தவனுக்கு, ஒரு மனிசர் 50 அம்பியர்-மணியைப் பாதி சார்ஜில் மாதக்கணக்காக நிலவறையில் போட்டுவைத்திருந்தேன் என்று சொன்னால் வயிறு எரியத்தானே செய்யும்.

சரி, சோதித்துப் பார்த்தாயிற்று, வண்டி நன்றாக இருக்கிறது, பாதை உண்மையிலேயே நீளம். அப்போது என்ன செய்வது?

தொடராக இன்னொரு பற்றரியைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். வீட்டில் கைவேலை தெரிந்த மருமகன் இருந்தால் நிச்சயம் கேட்பார்கள். கூடாது. தொடரில் சேர்த்தால் 24 வோல்ட் 36 ஆகும், தூரத்துக்குப் பதிலாக மோட்டரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் புகையும். சேர்ப்பதென்றால் முழுச் சோடியாக, பக்கமாகச் சேர்க்கவேண்டும். இரண்டு சோடியும் ஒரே தயாரிப்பு, ஒரே அளவு, ஒரே வயது. பழையதோடு புதியதைக் கட்டினால் புதியது பழையதற்குத் தீனி போட்டே கிழடாகும். கட்டமுன் இரண்டையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு ஆறவிட்டு அளந்து, வித்தியாசம் 0.1 வோல்டுக்குள் இருந்தால்தான் இணைப்பேன். நிறைந்ததையும் வெறுமையானதையும் இணைத்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும் மின்னோட்டம் வயரை உருக்கிவிடும். நேர்முனையை ஒரு சோடியிலிருந்தும் எதிர்முனையை மற்றச் சோடியிலிருந்தும் எடுத்தால் இரண்டும் சமனாக உழைக்கும். ஒவ்வொரு சோடிக்கும் தனிப் பியூஸ், பற்றரிக்குக் கிட்டவே. இந்த வேலை செய்யும்போது மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் லாச்சிக்குள். ஸ்பானரின் கைப்பிடி முழுக்க ரேப் சுற்றியிருக்கும். இரும்பு இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டால் அது அந்த இடத்திலேயே ஒட்டிச் சிவக்கும். கழற்றக் கை போகாது.

கார் பற்றரி மலிவு, அதைப் போடு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது எஞ்சினைக் கிளப்ப ஒரு கணம் முழுப்பலத்தையும் கொடுத்துவிட்டு இளைப்பாறுவதற்குச் செய்தது. மெல்லிய தகடு. அதைப் பாதிவரை இறக்கி ஏற்றி இறக்கி ஏற்றி ஓட்டினால் ஒரு பருவம் தாங்காது. சாதாரண வகையானால் அமிலம் தளும்பும், சார்ஜ் ஏறும்போது ஐதரசன் கிளம்பும். அதற்கு மேலேயா ஒரு மனிசரைக் குந்த வைப்பது?

பக்கமாகக் கட்டுவதில் ஒரு நன்மை இருக்கிறது. இழுக்கும் அம்பியர் இரண்டு சோடிக்கும் பங்காகப் போவதால், அவசரப்படுத்தும்போது வீணாகும் பங்கு குறையும். ஆகவே தூரம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலேகூட வரும். ஆயுளும் கூடும். ஆனால் சார்ஜர்? வண்டியோடு வந்தது 5 அம்பியர் சார்ஜர். 36 அம்பியர்-மணிச் சோடியை இரவு 10 மணிக்குக் குத்தினால் காலையில் பச்சை விளக்கு எரியும். 72 ஆக்கினால் அடுத்தநாள் மத்தியானம்வரை எரியாது. ஆளோ காலை 9 மணிக்குக் கழற்றிக்கொண்டு போவார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைச் சார்ஜில் ஓடி, நாலு பற்றரியும் சேர்ந்து சாகும். பெரிய சார்ஜர் போடலாமே என்றால், சார்ஜ் குத்தும் துளையின் வயர் கைபிடித்தண்டு வழியாகப் போவது. அது தாங்கும் அம்பியருக்கு ஒரு எல்லை உண்டு. ஆகவே பெரிய சார்ஜரைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தவும் முடியாது. கூடுதல் பற்றரி போட்டுக்கொண்டு போனவர்கள் "நாசமாய்ப்போன பற்றரி, ஒரு வருசம்கூட உழைக்கேல்லை" என்று ஏசிக்கொண்டு திருப்பிக் கொண்டுவந்த வண்டிகளைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

அதனால் எனக்குப் பிடித்தது வேறு வழி. இரண்டாம் சோடியைக் கட்டாமல் தனியாக வைப்பது. ஒரு ஆளி: 1, நிறுத்தம், 2. முதற்சோடி முடிந்தால் வண்டியை நிறுத்தி ஆளியைத் திருப்பு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சார்ஜர். இந்த ஆளி படகுச் சாமான் விற்கும் கடையில் நல்லதாகக் கிடைக்கும், ஆனால் படகு ஆளிகள் பலவற்றில் "இரண்டும்" என்று இன்னொரு நிலை இருக்கும். அது இல்லாததைப் பார்த்து வாங்கவேண்டும். வெறுமையான சோடியோடு நிறைந்த சோடியை யாரோ அவசரத்தில் இணைத்துவிட்டால், முன்னே சொன்ன பாய்ச்சல்தான். ஓடிக்கொண்டு திருப்பவும் கூடாது. மின்சாரம் ஒரு கணம் அறுந்தால் காந்தப் பிரேக் உடனே கவ்விக்கொள்ளும். ஆள் முன்னால் போய் விழுவார்.

வெம்பிளியில் இருக்கிற ஒரு அக்காவுக்கு இப்படித்தான் செய்து கொடுத்தேன். முழங்கால் இரண்டும் போய்விட்டது. மேற்கு ஈலிங்கில் இருக்கிற கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குத் தேர்த் திருவிழாவன்று தன்பாட்டில் போய்வரவேண்டும் என்பது அவவின் பிடிவாதம். பிள்ளைகள் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள்தான். ஆனால் அவர்கள் நேரத்துக்குப் போய் அவர்கள் நேரத்துக்கு வரவேண்டும். தேர் இருப்புக்கு வருமுன்னமே "அம்மா, வெளிக்கிடுவம்" என்பார்கள்.

"போறதுக்குப் பயமில்லைத் தம்பி," என்றா. "வாற வழியில நிண்டுபோனால்? அதுவும் பிள்ளையளுக்குப் போன் எடுத்துச் சொல்ல வேண்டி வந்தால்? பிறகு வாசல் தாண்டவும் விடாங்கள்."

அவவின் பயம் எனக்கு விளங்கியது. தூரம் போதுமா என்பதைவிட, தூரம் போதாமல் போனால் வீட்டில் யார் வென்றதாக ஆகும் என்பதுதான் அங்கே கேள்வி.

வண்டியில் மின்னளவு மானியைப் பூட்டி, அவவின் பாதையை நானே ஓட்டிப் பார்த்தேன். வெம்பிளியிலிருந்து பிரென்ற் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, ஈலிங் மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கவேண்டும். ஒருவழி 6, 7 கிலோமீற்றர். வரைபடத்தில் கையளவு. மேடு இரண்டு பக்கமும் உண்டு. போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம். நடைபாதையின் ஓரக்கல் இறக்கி ஏற்றும் இடங்களில்தான் மானி துள்ளியது. நின்று எடுக்கிற ஒவ்வொரு முறையும் 40 அம்பியர் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும். போய்வர ஏறக்குறைய 16 அம்பியர்-மணி முடிந்தது. அவவின் 36 அம்பியர்-மணிச் சோடியைச் சோதித்தால் அதற்குள் மிஞ்சியிருந்தது 20. இதை வைத்துக்கொண்டு திருவிழாச் சனத்துக்குள் போனால் அவ பயந்தது நடந்திருக்கும்.

புதுச் சோடி போட்டதும் கணக்குச் சரியாகிவிட்டது. அவசரப்படுத்தினாலும் 27 வரும், 16 போதும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவவின் முகம் சரியாகவில்லை. ஆகவே சீற்றின் தண்டுக்கு முன்னால், கால் வைக்கும் தட்டின் கீழே, 12 அம்பியர்-மணிச் சின்னச் சோடி ஒன்றை வைத்தேன். ஒவ்வொன்றும் 4 கிலோ அளவுதான். மோட்டர்சைக்கிளில் பெற்றோல் முடிந்தால் ரிசேவுக்குத் திருப்புகிறோமே, அந்த மாதிரி. வேகக் குமிழைப் பாதிக்கு இறக்கிக்கொண்டால் 5 கிலோமீற்றராவது இழுக்கும். ஆளியை வலதுகைப் பக்கம் வைத்தேன், குனியத் தேவையில்லாமல். விரல் மூட்டு வீங்கியிருந்ததால் ஆளிக் குமிழுக்கு மேலே ஒரு நீளமான கைப்பிடியைச் செதுக்கிப் பூட்டவேண்டியிருந்தது. அந்தக் கைப்பிடிக்குத்தான் வயர் வேலையைவிட அதிக நேரம் போனது. தேர் முடிந்த பிறகு வந்து, ஆளியைத் தொடவே இல்லை என்று பெருமையாகச் சொன்னா. ஏன் அதற்குக் காசு வாங்கினாய் என்று கேட்காதது எனக்கு அதிசயம்.

பற்றரியை எங்கே வைப்பது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பின்னாலிருக்கும் கூடைக்குள் போடு என்பார்கள். 20 கிலோவைப் பின்னச்சுக்கு அப்பால் உயரத்தில் தொங்கவிட்டால் மேட்டில் முன்சக்கரம் லேசாகிவிடும்; திருப்பினால் திரும்பாது. பக்கச் சரிவான நடைபாதையில் வண்டி சாயும். எடை எப்போதும் கீழே, இரண்டு அச்சுக்கும் இடையில்.

எடையில் சட்டமும் வருகிறது. மூன்றாம் வகுப்பு வண்டி ஆள் ஏறாமல் 150 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. மருத்துவக் கருவி கொண்டுபோகவேண்டியவர்களுக்கு மட்டும் 200 வரை விலக்கு உண்டு. வண்டியை ஓட்டும் பற்றரி அந்த 150-க்குள் அடக்கம் என்று 1988-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கிராண்ட் யூனியன் கால்வாய்க் கரையில் மீன்பிடிக்கப் போகும் ஒருவர் 50 அம்பியர்-மணிப் பற்றரி இன்னும் இரண்டு கேட்டு வந்தார். கரைப்பாதை சரளைக்கல், தெருவில் ஓடும் தூரம் அங்கே ஓடாது, அவர் கேட்டது நியாயம். வண்டியைத் தராசில் ஏற்றினால் 138 கிலோ. பற்றரி ஒன்று 16 கிலோ. இரண்டு கூட்டினால் 170. விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான் என்று சொன்னேன். மனிசர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு லிதியம் பொருந்தியது. லிதியம்-இரும்பு-பொஸ்பேற் வகை, எட்டுக் கலம் தொடராக நின்று 25.6 வோல்ட். 32 கிலோ ஈயத்தைக் கழற்றிவிட்டு 100 அம்பியர்-மணி லிதியம் வைத்தால் 22 கிலோதான். எடை இறங்கியது, பயன்படக்கூடிய மின் இரண்டரை மடங்குக்கு மேலே ஏறியது. விலை மட்டும் கண்ணைப் பிதுக்கும். ஆனால் லிதியத்தை ஈயத்தோடு ஒன்றாகக் கட்டவே கூடாது. மாற்றுவதென்றால் முழுதாக மாற்றவேண்டும், சார்ஜரோடு சேர்த்து.

லிதியத்துக்கு இரண்டு குணம் உண்டு, ஓட்டுகிறவருக்கு முன்னமே சொல்லிவைக்கவேண்டும். ஈயம் முடியப்போகிறது என்பதை மெல்ல மெல்லக் காட்டும். வண்டி சோரும், மேட்டில் முனகும். லிதியம் கடைசிவரை ஒரே வோல்டில் ஓடும்; பிறகு அதற்குள்ளிருக்கும் காவல் சுற்று மின்சாரத்தைச் சட்டென்று அறுக்கும். அறுந்தால் காந்தப் பிரேக் பிடிக்கும். வண்டியிலுள்ள பச்சை-மஞ்சள்-சிவப்பு விளக்கு ஈயத்துக்காகச் செய்தது. லிதியத்தில் அது பச்சையிலேயே நின்று ஏமாற்றும். ஆகவே உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிச் சொல்லும் மானி ஒன்றைக் கட்டாயம் பூட்டுவேன். இரண்டாவது: இறக்கத்தில் மோட்டர் தானே மின் உற்பத்தி செய்து பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். வீடு மேட்டில் இருந்து, நூறுவீதம் சார்ஜ் ஏற்றிய லிதியத்தோடு காலையில் இறங்கினால் அந்த மின்னுக்குப் போக இடமில்லை. காவல் சுற்று அறுத்துவிடலாம். அப்படி வீடு உள்ளவர்களுக்குச் சார்ஜரின் உச்சத்தை 29.2 வோல்டிலிருந்து கொஞ்சம் கீழே இறக்கி வைப்பேன். மீன்பிடிக்காரரின் வீடு கால்வாய் மட்டத்திலேயே இருந்ததால் அந்தத் தொல்லை இல்லை.

எந்தப் பற்றரியானாலும் மாடிக்குடியிருப்பின் பொது நடையில் வைத்துச் சார்ஜ் ஏற்றவேண்டாம் என்று தீயணைப்புப் படையினர் தலையால் அடித்துக்கொள்கிறார்கள். தீ பிடித்தால் எல்லாரும் ஓடவேண்டிய வழி அது. ஆனால் நாலாம் மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருப்பவர் 130 கிலோ வண்டியை எங்கே வைப்பார் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. சில இடங்களில் மாநகர சபை கீழே கொட்டில் போட்டுக் கொடுக்கிறது. மற்ற இடங்களில் பற்றரியைக் கழற்றி மேலே கொண்டுபோகும் வண்டியையே வாங்கச் சொல்வேன், தூரம் குறைந்தாலும்.

இன்னொரு வகையில் தூரத்தை நீட்டியவர் ஒருவரைச் சொல்லவேண்டும். ஜமேக்காவில் பிறந்தவர், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். வாரத்தில் சில நாள் அடுத்த பட்டணத்துக் கழகத்தில் டொமினோ விளையாடப் போவார். போய்வரும் தூரம் வண்டியின் எல்லைக்கு வெளியே இருந்தது. கூடுதல் பற்றரிக்கு விலை கேட்டு வந்தார். அங்கே எவ்வளவு நேரம் இருப்பீர்கள் என்று கேட்டேன். மூன்று மணித்தியாலம், வென்றால் நாலு என்றார். வண்டிச் சார்ஜரைக் கூடையில் போட்டுக்கொண்டு போங்கள் என்றேன். 5 அம்பியர் சார்ஜர் மூன்று மணித்தியாலத்தில் 15 அம்பியர்-மணி ஏற்றும். அவர் வண்டிக்கு அது 12 கிலோமீற்றருக்கு மேல்.

கழக மேலாளர் மின்கட்டணம் யார் கட்டுவது என்று கேட்டாராம். கணக்குப் போட்டு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன்: ஒரு தரத்துக்கு அரை யூனிட், 20 பென்ஸுக்குள் அடங்கும். அவர் இப்போது டொமினோ மேசைக்குப் பக்கத்துச் சுவர்த் துளையைத் தன் பெயரில் எழுதி வைத்ததுபோல வைத்திருக்கிறார். கடைக்கு வருவது ரயருக்குக் காற்று அடிக்க மட்டும்தான்.